டீச்சர் பதில்கள்: கடைசிக் கல் யார் கையில்?

போன இதழில் ஒரு வாசகர், "பெண்கள் தலைமை தாங்குவதைப் பார்க்க உங்களுக்குப் பிடித்த விளையாட்டு எது?" என்று கேட்டிருந்தார். வலைப்பந்து என்று சொல்வேன் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருப்பீர்கள், முப்பது வருடம் தோட்டப் பாடசாலைகளில் அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன். நான் "கர்லிங், அதிலும் ஸ்கிப்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். வந்தது பாருங்கள் கடிதம்! பாதிப்பேர் விளக்கம் கேட்கிறார்கள், மீதிப்பேர் டீச்சருக்கு வயசாகிவிட்டது என்று சந்தேகப்படுகிறார்கள். கர்லிங் என்பது பனிக்கட்டியில் கல்லை வழுக்கிவிடுகிற விளையாட்டு, ஸ்கிப் அதில் அணித்தலைவர். சரி, இந்த முறை மற்றக் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு இதையே பேசிவிடுவோம்.

கேள்வி: டீவியில் ஒருநாள் பார்த்தேன். ஒருத்தி கல்லைத் தள்ளிவிடுகிறாள், இரண்டு பேர் தும்புத்தடியோடு அதற்கு முன்னால் ஓடி ஓடித் தேய்க்கிறார்கள். வீடு கூட்டுவதையெல்லாம் ஒலிம்பிக்கில் வைத்துவிட்டார்களா டீச்சர்?
— தலவாக்கலை வாசகர் ஒருவர்

பதில்: சிரிப்பு வரும்தான் ஐயா, எனக்கும் முதலில் வந்தது. கரம் விளையாடியிருப்பீர்கள் இல்லையா? அந்தப் போர்டை 45 மீட்டர் நீளத்துக்கு இழுத்துவிடுங்கள், கிட்டத்தட்டப் பன்னிரண்டு காம்பரா லயம் ஒன்றின் நீளம். பவுடருக்குப் பதிலாக முழுக்கப் பனிக்கட்டி. ஸ்ட்ரைக்கருக்குப் பதிலாக 17 கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குள் எடையுள்ள ஒரு உருண்டைக் கருங்கல், மேலே ஒரு கைப்பிடி. ஒரு நாள் பேருக்குப் பல தோட்டங்களில் கேட்கிற கொழுந்து 18 கிலோ என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஏறக்குறைய அதே பாரம். அந்தக் கல்லை வீசுவதில்லை. ஒரு காலை மடக்கி, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, பனியில் தானும் வழுக்கிக்கொண்டே போய் மெல்லக் கைவிடுவார்கள். அந்தப் பக்கக் கோடியில் வட்டங்கள் வரைந்திருக்கும், அதற்குப் பெயரே 'வீடு'. நம் தாயத்தில் காய் பழமாவது மாதிரி, வீட்டின் நடுப்புள்ளிக்கு யாருடைய கல் மிகக் கிட்டே நிற்கிறதோ அந்த அணிக்கு மட்டும்தான் அந்தச் சுற்றில் புள்ளி. எதிராளியின் மிகக் கிட்டிய கல்லைவிட உள்ளே உங்களுக்கு எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை. அணிக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு கல், ஒலிம்பிக்கில் பத்துச் சுற்று.

தேய்க்கிறது எதற்கு என்றால், ஆட்டம் தொடங்குமுன் பனித்தரையில் தண்ணீரைச் சின்னச் சின்னத் துளியாகத் தூவி உறைய விடுவார்கள். தை மாதம் அம்பேவலைப் பக்கம் விடியற்காலையில் புல்லில் துளித்துளியாக உறைந்து கிடக்குமே, மிதித்தால் நறநற என்னுமே, அதே மாதிரி ஒரு மொரமொரப்பு. கல்லின் அடிப்பாகம் நடுவில் குழிவாக இருக்கும், ஒரு வளையம் மட்டும்தான் அந்தத் துளிகளில் உரசும். தேய்த்தால் பனி ஒரு துளி சூடேறி உராய்வு குறையும், கல் இன்னும் கொஞ்சத் தூரம் போகும், வளைவதும் குறையும். நல்ல அணி தேய்த்தே ஒரு கல்லைப் பல அடி கூடுதலாக இழுத்துக்கொண்டு போகும். அந்த இரண்டு பேருக்கும் அடுத்த நாள் தோள்பட்டை என்ன பாடு படும் என்று கவ்வாத்து வெட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

கேள்வி: ஸ்கிப் என்றால் கப்டனா? அவர் மட்டும் ஏன் அந்தக் கோடியில் சும்மா நிற்கிறார்?
— பதுளை மாணவி

பதில்: கப்டன்தான், ஆனால் நம் கிரிக்கெட் கப்டன் நாணயம் சுண்டிவிட்டு ஃபீல்டிங் மாற்றுகிற மாதிரி இல்லை, தங்கச்சி. மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது மேட்டில் நின்று முழு மலையையும் பார்க்கிறவர் ஒருவர் இருப்பாரே, நிரைக்குள் நிற்கிறவளுக்குத் தன் முன்னால் இருக்கிற செடி மட்டும்தான் தெரியும். ஸ்கிப் அந்த மேட்டில் நிற்கிறவர். வீட்டுக்குள் நின்று, தன் தும்புத்தடியை ஓரிடத்தில் ஊன்றிக் காட்டுவார். கல் போய் நிற்க வேண்டிய இடம் அதுவல்ல, வளைவையும் கணக்குப் பார்த்து, கல்லை விடுகிறவள் எதைக் குறிபார்க்க வேண்டுமோ அந்த இடம். கல் கிளம்பியதும் தேய்க்கிறவர்களுக்குக் கத்த வேண்டும், தேய், நிறுத்து, இன்னும் பலமாக என்று. அந்தச் சத்தத்தைக் கேட்டால் இதைப் பனி மண்டபம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், மாட்டுச் சந்தைதான்.

இதோடு முடிந்தால் கங்காணி வேலை என்று விட்டுவிடலாம். மற்ற மூன்று பேரும் ஆறு கல்லை விட்டு முடிந்தபின், வழக்கமாகக் கடைசி இரண்டு கல்லையும் ஸ்கிப்தான் போய் விட வேண்டும். அதாவது திட்டம் போட்டதும் நீ, அந்தத் திட்டம் குழம்பிப்போய்க் கிடக்கிறபோது கடைசியில் போய்ச் சரிசெய்ய வேண்டியதும் நீ. எல்லா அணியும் அப்படி இல்லை, சுவிட்சர்லாந்தின் சில்வானா தீரின்சோனி 2019, 2021, 2022, 2023 என்று நடந்த நாலு உலகப் போட்டியையும் தொடர்ந்து வென்றவர், அவர் ஸ்கிப்பாக இருந்துகொண்டே கடைசிக் கல்லை அலினா பெட்ஸ் கையில் கொடுத்துவிட்டார். தன்னைவிட அந்தக் கல்லை நன்றாக விடுகிறவள் பக்கத்தில் இருக்கிறாள் என்று ஒரு தலைவி ஒத்துக்கொள்வது எனக்கு அந்த நாலு பட்டத்தையும்விடப் பெரிசாகத் தெரிகிறது, இதை நம் சங்கத் தலைவர்களுக்கும் யாராவது சொன்னால் தேவலை.

இன்னொரு சூட்சுமம். சுற்றின் கடைசிக் கல் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம், அதை 'ஹமர்' என்கிறார்கள். புள்ளி எடுத்த அணி அடுத்த சுற்றில் ஹமரை எதிரணிக்குக் கொடுக்க வேண்டும், யாருமே புள்ளி எடுக்காவிட்டால் அது இருந்தவரிடமே இருக்கும். அதனால் கெட்டிக்கார ஸ்கிப், ஒரே ஒரு புள்ளி கையில் கிடைக்கிற நிலையில் அதை எடுக்காமல், வேண்டுமென்றே கல்லை வீட்டுக்கு வெளியே விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பார். ஒன்றை விட்டு இரண்டைப் பிடிக்கிற கணக்கு. இதையெல்லாம் யோசிக்க ஓர் அணிக்கு முழு ஆட்டத்துக்கும் 38 நிமிடம்தான், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: கொரியாவில் 'பூண்டுப் பெண்கள்' என்று ஒரு கர்லிங் அணி இருந்ததாமே. பூண்டுலோயாக்காரன் என்பதால் கேட்கிறேன், நமக்கு ஏதும் சொந்தமா?
— பூண்டுலோயா வாசகர்

பதில்: தம்பி, உங்களை மாதிரி ஆட்கள் எழுதுவதால்தான் இந்தப் பகுதி இன்னும் ஓடுகிறது. தென் கொரியாவில் உய்சோங் என்று ஓர் ஊர், வெள்ளைப்பூண்டுக்குப் பேர்போனது. அந்த ஊர்ப் பெண்கள் பாடசாலையில் படித்தபோது கற்றுக்கொண்ட கல் விளையாட்டை 2018 பியோங்சாங் ஒலிம்பிக் வரை கொண்டுபோய் வெள்ளி வென்றார்கள். அணியில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் கிம். ஸ்கிப் கிம் உன்-ஜங், பெரிய வட்டக் கண்ணாடி, முகத்தில் ஒரு சலனமும் இராது, ஆனால் தேய்க்கிற கிம் யோங்-மியை "யோங்-மீ!" என்று கூப்பிடுகிற குரல் அந்த மாசம் கொரியா முழுக்கக் கேட்டது. நீட்டிக் கூப்பிட்டால் ஒரு அர்த்தம், வெட்டிக் கூப்பிட்டால் இன்னொரு அர்த்தம், அந்தப் பெயருக்குள்ளேயே முழுக் கட்டளையும். எதிர்மலையில் நிற்கிற மகளைத் தாய் கூப்பிடுகிற தொனியிலேயே சோறு ஆறுகிறதா, தம்பி விழுந்துவிட்டானா என்று நமக்குத் தெரிந்துவிடாதா, அது மாதிரி. அப்புறம் அதே வருடக் கடைசியில், தங்கள் பயிற்சியாளர்கள் தங்களை நடத்திய விதத்தையும் பரிசுப் பணம் கையில் வராததையும் அந்தப் பெண்கள் வெளியே வந்து சொன்னார்கள், அரசாங்கம் விசாரித்து அது உண்மைதான் என்றது. பதக்கத்தோடு சேர்த்து இதையும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

பூண்டால் சொந்தம் கிடையாது. ஆனால் உங்கள் ஊருக்கு வேறு வழியில் ஒரு சொந்தம் இருக்கிறது. பூண்டுலோயா டன்சினன் தோட்டம், அந்தப் பெயர் ஸ்கொட்லாந்தில் பெர்த்ஷயர் பகுதியில் இருக்கிற ஒரு குன்றின் பெயர். கர்லிங் பிறந்த நாடு ஸ்கொட்லாந்து, பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1979இல் நடந்தது அதே பெர்த் நகரில், இன்றைக்கு நான் கதை சொல்லப்போகிற ஸ்கிப்பும் அந்தப் பெர்த்ஷயர்க்காரிதான். அந்த நாட்டுத் துரைமார் இங்கே தேயிலையைக் கொண்டுவந்தார்கள், குதிரைப் பந்தயம் கொண்டுவந்தார்கள், 1889இலேயே நுவரெலியாவில் கோல்ஃப் கிளப் திறந்தார்கள். இந்தக் கல்லை மட்டும் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். கிரகரி வாவி உறையாதே, என்ன செய்வது!

கேள்வி: யாராவது ஒரு ஸ்கிப்பின் கதையை முழுசாகச் சொல்லுங்கள். ஜெயித்த கதை மட்டும் வேண்டாம் டீச்சர், அது எல்லாப் பத்திரிகையிலும் வருகிறது.
— கொட்டகலை வாசகி

பதில்: அப்படியானால் ஈவ் மியூர்ஹெட்தான். 1990இல் பிறந்தவர், வளர்ந்தது பிளேர் அதோல் என்ற ஊரில், செம்மறியாடு வளர்க்கிற குடும்பம். அப்பாவும் கர்லிங்கில் நாட்டுக்காக விளையாடியவர். இந்தப் பெண்ணுக்கு கோல்ஃபும் நன்றாக வரும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கோல்ஃப் புலமைப்பரிசில் தருகிறேன் என்று கூப்பிட்டும் போகவில்லை. பேக்பைப் வேறு வாசிப்பார். உலகக் கனிஷ்ட பட்டத்தை 2007, 2008, 2009, 2011 என்று நாலு தடவை வென்றார். இப்படி ஒரு பிள்ளை வந்தால் ஊர் என்ன செய்யும்? 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்கு 19 வயதில் ஸ்கிப்பாக அனுப்பியது. ஒன்பது ஆட்டத்தில் மூன்றில்தான் வெற்றி, ஏழாம் இடம்.

2013இல் உலகப் பட்டம், இறுதியில் சுவீடனை 6-5. 2014 சொச்சியில் வெண்கலம், அந்தப் போட்டியில் அமெரிக்காவுக்கு எதிராக ஒரே சுற்றில் ஏழு புள்ளி எடுத்தார்கள், கரம் ஆட்டத்தில் ஒரே கையில் போர்டை முடிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக் பதக்கம் வென்ற மிக இளைய ஸ்கிப் என்ற பெயரும் அப்போது வந்தது. இதுவரைக்கும் பத்திரிகைக் கதை.

2018 பியோங்சாங். அரையிறுதியில் சுவீடனிடம் தோற்றாயிற்று, வெண்கலத்துக்கு ஜப்பானோடு ஆட்டம். பத்தாவது சுற்று, ஜப்பான் 4, பிரித்தானியா 3 (ஒலிம்பிக்கில் ஈவின் அணிக்கு அந்தப் பெயர்தான்), கடைசிக் கல் ஈவ் கையில். அந்தக் கல்லில் இரண்டு புள்ளி எடுத்தால் பதக்கம். இரண்டுக்குப் போனார். கல் நினைத்த மாதிரி மோதவில்லை, வீட்டுக்குள் நடுவுக்குக் கிட்டே ஜப்பானின் கல் நின்றது, 5-3. நாலாம் இடம். நாலு வருட உழைப்பு ஒரு கல்லில் போனதை உலகமே டீவியில் பார்த்துக்கொண்டிருந்தது, காலரியில் ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூடக் கிடையாது. நான் அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்துவிட்டு டீவியை நிறுத்திவிட்டேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அதே வருடம் இடுப்பில் சத்திரசிகிச்சை. பனியில் அப்படிக் குந்தி வழுக்குகிற விளையாட்டு இடுப்பைத்தான் முதலில் தின்னும். பழைய தோழிகள் ஒவ்வொருவராக விலகினார்கள், அணி மாறியது. 2021 உலகப் போட்டியில் முதல் ஆறு இடத்துக்குள் வந்தால் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு நேரடி இடம், ஸ்கொட்லாந்து வரவில்லை. அப்புறம் நடந்ததுதான் இந்தக் கதையிலே எனக்குப் பிடித்த இடம். கர்லிங் சங்கம் ஒன்பது பெண்களை ஒரே தொகுப்பாக எடுத்து, மாற்றி மாற்றி ஆடவிட்டுப் பார்த்துத்தான் ஐந்து பேரைத் தெரிவு செய்வோம் என்றது. பெயர் பெரிய பெயர் என்பதற்காக ஈவுக்கும் இடம் உறுதி இல்லை. மூன்று ஒலிம்பிக் போன ஸ்கிப், தன்னைவிடச் சின்னப் பெண்களோடு சேர்ந்து வரிசையில் நின்றார். சின்ன வயதிலிருந்தே 'நீதான், நீதான்' என்று கேட்டு வளர்ந்த ஒருத்திக்கு அது லேசான காரியமா?

ஈவோடு தெரிவானவர்கள் விக்கி ரைட், ஜெனிபர் டொட்ஸ், ஹெய்லி டஃப், மாற்று ஆட்டக்காரியாக மிலி ஸ்மித். இதில் விக்கி ரைட் ஒரு தாதி, கொவிட் காலத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பிப் போனவர். 2021 நவம்பரில் ஐரோப்பியப் பட்டம், டிசம்பரில் நெதர்லாந்தில் கடைசித் தகுதிப் போட்டி, அந்தக் கடைசிக் கதவால்தான் பெய்ஜிங்குக்குள் நுழைந்தார்கள். அங்கேயும் முதற்கட்ட ஆட்டங்களில் ஐந்து வெற்றி, நாலு தோல்வி. கனடாவுக்கும் ஜப்பானுக்கும் அதே கணக்கு. மூன்று அணிக்கு அரையிறுதியில் மிச்சம் இரண்டு இடம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் இரண்டு கல்லை நடுப்புள்ளியை நோக்கி விட்டுத் தூரத்தை அளப்பார்கள், யாரும் பெரிசாகக் கவனிக்காத சடங்கு, அந்தத் தூரக் கணக்குத்தான் கனடாவை வீட்டுக்கு அனுப்பி இவர்களை உள்ளே விட்டது. அரையிறுதியில் சுவீடன் முதல் சுற்றிலேயே நாலு புள்ளி எடுத்தது, மேலதிகச் சுற்றுவரை இழுத்துப்போய் 12-11. இறுதியில் எதிரே யார்? அதே ஜப்பான், அதே ஸ்கிப் சட்சுகி ஃபுஜிசாவா. ஏழாவது சுற்றில் நாலு புள்ளி, முடிவு 10-3. 2022 பெப்ரவரி 20, ஈவுக்கு 31 வயது. கடைசிக் கல்லை விடுகிற பதற்றமே வரவில்லை, அதற்கு முன்னாலேயே ஜப்பான் கைகொடுத்துவிட்டது. நாலு வருடமாக ஒரு கடைசிக் கல்லைச் சுமந்தவளுக்குக் கடைசிக் கல்லே தேவைப்படாத ஒரு இறுதி ஆட்டம், இதை நான் கதையாக எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்கமாட்டீர்கள்.

அதே வருடம் பொபி லெமியோடு கலப்பு இரட்டையர் உலகப் பட்டம், ஆகஸ்டில் ஓய்வு.

கேள்வி: சம்பளம் எவ்வளவு வரும் டீச்சர்? மகளைச் சேர்க்கலாமா என்றுதான்.
— நோர்வூட் வாசகர்

பதில்: கிரிக்கெட் கணக்கில் யோசித்தால் ஏமாந்துபோவீர்கள் ஐயா. 2006, 2010 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற சுவீடனின் அனெட் நோர்பெர்க் காப்புறுதிக் கணக்கு நிபுணர். 2014இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் வென்ற கனடாவின் ஜெனிபர் ஜோன்ஸ் சட்டத்தரணி. சில நாடுகளில் முழுநேர வீராங்கனைகளுக்கு உதவிப்பணம் உண்டு, ஆனாலும் வேலையும் கல்லும் ஒன்றாக ஓடுகிற வாழ்க்கைதான் இதில் அதிகம். மகளை முதலில் கணிதத்தில் சேருங்கள், கோணம் கணக்கிட உதவும்.

கேள்வி: கல்யாணம், பிள்ளை என்று ஆனபிறகு இதெல்லாம் நடக்குமா?
— பண்டாரவளை வாசகி

பதில்: பெண்கள் கர்லிங்கில் முதல் ஒலிம்பிக் தங்கம் 1998இல், கனடாவின் சாண்ட்ரா ஷ்மிர்லர். கைக்குழந்தைக்காரி. அந்த ஒலிம்பிக்குக்கான தெரிவுப் போட்டியை வென்றபோது பிள்ளை பிறந்து சில வாரம்தான். இரண்டே வருடத்தில், 36 வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. கனடாவில் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் குரல் தாழ்த்திப் பேசுவார்கள். 2002இல் பிரித்தானியாவுக்குத் தங்கம் எடுத்த ரோனா மார்ட்டின் இரண்டு பிள்ளைகளின் தாய், 3-3 என்று நின்ற ஆட்டத்தைக் கடைசிக் கல்லால் முடித்தார். அப்போது ஈவுக்கு 11 வயது. கனடாவின் ரேச்சல் ஹோமன் 2021 தேசிய இறுதி ஆட்டத்தை எட்டு மாத வயிற்றோடு ஆடினார். நடக்குமா என்று கேட்டீர்கள், நடந்திருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் சோறாக்கினார்களா என்றுதான் நீங்கள் அடுத்துக் கேட்க வேண்டும், அதற்குப் பதில் உங்கள் வீட்டில் இருக்கிறது.

கேள்வி: நான் பாடசாலை வலைப்பந்து கப்டன், கோல் சூட்டரும் நான்தான். வலய மட்ட இறுதியில் கடைசி நேரத்தில் கைக்குக் கிடைத்த பந்தைத் தவறவிட்டேன், ஒரு கோலால் தோற்றோம். அடுத்த நாளிலிருந்து பயிற்சிக்குப் போகவில்லை. அம்மா 'போதும், ஓஎல் படி' என்கிறார். சேர் கப்டனை மாற்றப்போகிறார் என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். நான் என்ன செய்ய?
— ஹட்டன் மாணவி, வயது 15

பதில்: மகள், உன் கடிதம் முதல் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் எழுதிக்கொண்டே உனக்கு என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் ஒரு வருடம், உன் கதையேதான், என் கப்டன் கடைசிப் பந்தை விட்டுவிட்டாள், நாங்கள் தோற்றோம். திங்கட்கிழமை காலை அசெம்பிளி முடிந்ததும் வேறொருத்தியைக் கப்டனாகப் போட்டேன். அவள் அழவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, தன்னிடம் இருந்த பந்தைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். அதோடு அவள் விளையாடவே இல்லை. அந்த ஆட்டத்தின் முதல் மூன்று கால் பகுதியிலும் எங்கள் மற்றப் பிள்ளைகள் எத்தனை பந்தைக் கைநழுவ விட்டார்கள், நடுவில் நான் ஆளை மாற்றியது சரியா பிழையா, இதையெல்லாம் யாரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. கடைசிப் பந்து எல்லோர் கண்ணிலும் பட்டது, அதனால் அவள் தலையில் போட்டேன். இப்போதும் டவுனில் கண்டால் "டீச்சர்" என்று ஓடிவந்து கையைப் பிடிப்பாள், அப்போது எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாது.

ஈவின் 2018 கல்லைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவை படி. அந்தக் கல்லையும் சேர்த்துப் பத்துச் சுற்று ஆட்டம் நடந்தது, அணிக்கு 80 கல் வீதம் போயிருக்கிறது. இரண்டுக்குப் போனது அவர் எடுத்த முடிவு, அது தவறிப்போனது, அவ்வளவுதான். தவறாதவள் யார் என்றால் கடைசிக் கல் கைக்கு வராதவள்.

இனி வேலைக்கு வருவோம். திங்கட்கிழமை மைதானத்துக்குப் போ. சேர் என்ன நினைக்கிறார் என்று பிள்ளைகளிடம் கேட்காதே, சேரிடமே நேரில் போய், "சேர், கப்டனை மாற்றுவதாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் சூட்டராக விளையாடுவேன்" என்று சொல். இது பணிந்துபோவது இல்லை, ஈவ் ஒன்பது பேரில் ஒருத்தியாக வரிசையில் நின்றாரே அதுதான். ஒரு கொப்பி எடுத்து நீ போடுகிற ஒவ்வொரு பந்தையும் எழுது, எந்தத் தூரம், எந்தப் பக்கம், போனதா இல்லையா. கடைசி நேரத்தில் நீ விட்டது பயத்தாலா, காலில் பலம் போனதாலா என்று அந்தக் கொப்பி சொல்லும், உன் மனசு சொல்வதை நம்பாதே, அது பொய் சொல்லும். மைதானத்தை இரண்டு சுற்று ஓடி, மூச்சு வாங்கும்போதே இருபது பந்து போட்டுப் பார். எல்லோரும் போனபிறகு யாரும் பார்க்காமல் போடுகிற பந்து எதற்கு உதவும் என்று நினைக்காதே, கனடாவை வீட்டுக்கு அனுப்பியது அப்படிப்பட்ட கல்தான்.

அம்மாவுக்கு: அம்மா, ஓஎல் முக்கியம்தான், அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. பின்னேரம் ஒரு மணித்தியாலம் பயிற்சி, ஆறு மணிக்கு வீடு, அதற்குப் பிறகு புத்தகம். பிள்ளை நிறுத்துவதாக இருந்தால் ஒரு நல்ல ஆட்டம் ஆடிவிட்டு நிறுத்தட்டும், இந்த ஆட்டத்தோடு வேண்டாம்.

சேருக்கும் ஒன்று, அவர் இதைப் படிப்பார் என்று தெரியும். நீங்கள் செய்யப்போவதை நான் முன்பே செய்து பார்த்துவிட்டேன்.

கேள்வி: டீச்சர், நுவரெலியாவில் பனி கொட்டும்போது நாங்கள் கர்லிங் விளையாடலாமா?
— நானுஓயா, 4ஆம் வகுப்பு

பதில்: நம் பனி வெயில் ஏறினால் ஓடிப்போய்விடும் ராசா, அதோடு அந்த உறைபனி தேயிலையையும் கிழங்குச் செடியையும் கருக்கிவிடும், உங்கள் அப்பாவிடம் அது அதிகமாக வரட்டும் என்று சொல்லிவிடாதே. ஆனால் ஒரு பரிசோதனை செய்யலாம். ஒரு எவர்சில்வர் தம்ளரை வழவழப்பான மேசையில் கவிழ்த்து வை. கடிகார முள் சுற்றுகிற பக்கமாகச் சுழற்றிக்கொண்டே முன்னால் தள்ளிவிடு. அது இடப்பக்கம் வளையும். பனியில் கர்லிங் கல்லை அதே மாதிரிச் சுழற்றிவிட்டால் அது வலப்பக்கம் வளைகிறது! ஏன் இப்படித் தலைகீழாக நடக்கிறது என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டுத் தம்ளரை எடு, கண்ணாடிக் கிளாஸ் வேண்டாம். எந்தப் பக்கம் வளைந்தது, எத்தனை தடவை கீழே விழுந்தது என்று எனக்கு எழுது.